அந்த மூவர் கையெழுத்திடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அரசியல் சாசனம் பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால், சாசனத்தை எழுதப் பிலடெல்பியாவில் அவையாகக் கூடிய மாநிலப் பிரதிநிதிகள் அனைவரும் 1787 செப்டம்பர் 17 அன்று ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள் என்ற வரி தவறு. வரலாற்று ஆசிரியையாக இருந்த 28 ஆண்டுகளும் நானும் இதையேதான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

போன அக்டோபரில் மகன் என்னைப் பிலடெல்பியாவில் உள்ள தேசிய அரசியல் சாசன மையத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு கூடம் முழுக்க ஆளுயர வெண்கலச் சிலைகள். நடுவே புகுந்து நடக்கலாம். வாஷிங்டனின் தோளுக்குக்கூட நான் எட்டவில்லை. எண்ணிப் பார்த்தால் 42 சிலைகள். கையெழுத்திட்டவர்கள் 39 பேர்தானே? மீதி மூவர் கடைசி நாள்வரை அவையில் இருந்து, கையெழுத்திட மறுத்தவர்கள்: ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் கெரி. மறுத்தவர்களுக்கும் சேர்த்துச் சிலை வைத்திருக்கிறார்கள். அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அப்படியானால் 'ஒருமனதாக' என்ற சொல் எங்கிருந்து வந்தது? சாசனத்திலேயே இருக்கிறது. 'வந்திருந்த மாநிலங்களின் ஒருமனதான ஒப்புதலுடன்' என்று முடிவில் எழுதியிருக்கிறார்கள். கவர்னர் மோரிஸ் என்ற பிரதிநிதி ('கவர்னர்' அவர் பெயர், பதவி அல்ல) யோசித்த வாசகம். அவையில் முன்வைத்தவர் 81 வயது பிராங்க்ளின். மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதே அவையின் விதி. வர்ஜீனியாவின் பிரதிநிதிகளில் மேசனும் ராண்டால்ஃபும் மறுத்தார்கள். வாஷிங்டன், பின்னாளில் ஜனாதிபதியான மேடிசன், பிளேர் மூவரும் சம்மதித்தார்கள். ஆக, வர்ஜீனியா சம்மதித்ததாகக் கணக்கு. மாநிலங்கள் ஒருமனதாக இருந்தன, மனிதர்கள் அப்படி இல்லை.

மேசனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சாசனத்தில் கையெழுத்திடுவதைவிட வலது கையை வெட்டிக்கொள்வேன் என்று ஆகஸ்ட் 31 அன்று அவர் பேசியதை மேடிசன் குறித்து வைத்திருக்கிறார். மேசனின் ஆட்சேபப் பட்டியலில் முதல் குறையே, இதில் உரிமைப் பிரகடனம் இல்லை என்பதுதான். அதைச் சேர்க்கலாம் என்ற யோசனை செப்டம்பர் 12 அன்று வந்தபோது ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. வாஷிங்டன் அவருக்குப் பக்கத்து எஸ்டேட்காரர், நெடுநாள் நண்பர். அந்த நட்பும் இதில் முறிந்தது.

ஆனால் சாசனம் மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போனபோது மக்களும் அதே குறையைத்தான் சொன்னார்கள். மாசசூசெட்ஸில் 187க்கு 168, வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27. இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில்தான் தேறியது. மூன்று மாநிலங்களும் திருத்தம் வேண்டும் என்று சொல்லியே ஒப்புதல் தந்தன. 1789 ஜூனில் மேடிசனே எழுந்து திருத்தங்களை முன்மொழிந்தார். 1791 டிசம்பர் 15 அன்று முதல் பத்துத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. பேச்சுரிமை, வழிபாட்டு உரிமை, ஜூரி விசாரணை என்று இன்று நாம் பெருமையாகச் சொல்பவை பெரும்பாலும் அந்தப் பத்தில் உள்ளவை. மறுத்த மற்ற இருவரில் ராண்டால்ஃப் வாஷிங்டன் ஆட்சியிலேயே முதல் அட்டர்னி ஜெனரல் ஆனார். கெரி பின்னாளில் மேடிசனின் துணை ஜனாதிபதி.

மேசனைப் புனிதராக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அடிமை வணிகத்தை அவையில் கண்டித்துப் பேசிய அவரே ஏராளமான அடிமைகளை வைத்திருந்தார். அவர் கேட்ட உரிமைகள் அந்த மனிதர்களுக்கு எட்டவில்லை. அடிமைமுறை ஒழிய 1865இன் 13ஆவது திருத்தம் வரவேண்டியிருந்தது. இதையும் நான் வகுப்பில் அவசரமாகக் கடந்து போயிருக்கிறேன்.

தங்கள் கட்டுரை மாணவர் பக்கத்தில் வந்தது. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கையெழுத்திடாத மூவரின் பெயரையும் காரணத்தையும் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
எடிசன், நியூ ஜெர்சி