நினைவு மலரில் வாழ்க்கையும் இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பில் ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு அச்சாகும் நினைவு மலர்கள் பலவற்றில் புகழ்மாலைதான் அதிகம். படையில் பணியாற்றி, பிறகு குடும்பம், கோயில், ஊர் என்று வாழ்ந்த மூத்தவரின் படைப்பிரிவோ ஓய்வுபெற்ற ஆண்டோ கிடையாது.

அவர் இருக்கும்போதே கேட்டெழுதுங்கள். காலையில் அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் களைத்துவிடுவார். ஆண்டு நினைவிராது, '1957 வெள்ளத்துக்கு முந்தியா, 1978 சூறாவளிக்குப் பிந்தியா?' என்று கேட்டால் பிடி கிடைக்கும். ஞானஸ்நானப் பதிவில் பிறந்த திகதியும் ஞானஸ்நானத் திகதியும் அருகருகே இருக்கும், அவசரத்தில் மாறிவிடுகிறது. படங்களின் பின்புறம் பெயர்களைப் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், பேனா மை ஊறும். பதக்கங்களைப் பிராசோ என்ற உலோக மெருகூட்டி போட்டுத் தேய்த்தால் பொறித்த எழுத்துத் தேயும். சேவைச் சான்றிதழை லமினேட் செய்யவே வேண்டாம். பிறகு தாளைப் பிரித்தெடுக்க முடியாது.

கோயில் பதிவேடு பார்ப்போர்,
மட்டக்களப்பு