உப்புக் காற்றுக்கு ஏது ஊரடங்கு?

ஐயா,

தரங்கம்பாடியில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பூர்வீக வீடு. கோடைதோறும் அண்ணன் தம்பிகள் போய், ஜன்னல் கம்பிகளைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு வருவோம். இந்த 2020இல் கொரோனா ஊரடங்கால் மார்ச் கடைசியிலிருந்து சென்னையிலேயே முடங்கிக் கிடக்கிறோம்.

பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். சன்ஷேடின் அடியில் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்ளே கம்பி துருவேறிப் பருத்துத் தெரிகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும்; கான்கிரீட்டைப் பிளந்துவிடும். சும்மா மேலே பூசி மூடினால் மறுபடி பெயரும். கம்பியை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே பூச வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் ஒழுங்காக நடக்கும்.

திருமணம், மருத்துவம், இறப்பு என்றால் வெளி மாவட்டம் போக இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) உண்டு. வீடு இடிகிறது என்றால்? அந்தக் காரை யார் தலையிலாவது விழுந்த பிறகு 'மருத்துவம்' என்று விண்ணப்பிக்கலாம் போலிருக்கிறது! ஐப்பசி அடைமழைக்கு முன்பாக, கடலோர வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்வர இரண்டு நாள் அனுமதியாவது அரசு தர வேண்டும்.

– வாசகர், சென்னை