பிரான்ஸ்ல பியாரிட்ஸ்ங்கிற கடலோர ஊர்ல ஹோட்டல் வேலை பாக்குற என் பொண்ணுக்கு

பாப்பா,

ஞாயித்துக்கிழமை போன்ல நீ பேசினதையே நினைச்சிட்டிருக்கேன். "இது பணக்காரங்க ஊருப்பா, நான் ரிசப்ஷன்ல நின்னு சிரிச்சிட்டு பஸ் ஏறிப் போற ஆளு, எனக்கும் இந்த ஊருக்கும் என்ன இருக்கு"ன்னு கேட்ட பாரு, அதை என்னால அப்படியே விட முடியல. அதனாலதான் மெசேஜா இல்லாம உக்காந்து நீளமா எழுதறேன், பொறுமையா படி.

நீ நிக்கிற இடம் பணக்காரங்க உண்டாக்கின ஊரே இல்லம்மா. அவங்க வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடி அது திமிங்கலம் பிடிக்கிறவங்க ஊர். ஊரோட சின்னத்தை நல்லா பாரு, படகு, அதுல ஈட்டியோட ஆளு, கீழ திமிங்கலம். அட்டலாய்னு சொல்றாங்களே அந்த மேடு, அங்க ஒருத்தர் கடலையே பாத்துட்டு காவல் இருப்பார், திமிங்கலம் கண்ணுல பட்டா உடனே நெருப்பு மூட்டி புகை காட்டுவார், கீழ இருக்கறவங்க படகைத் தள்ளிட்டுப் பாய்வாங்க. பிடிச்சதை இழுத்துட்டு வந்து கரை சேத்தது போர் வியூல, நீ டூட்டி முடிஞ்சு கால் நனைக்கப் போறியே அதே குட்டி பீச்சுலதான். அந்தப் பகுதியோட பூர்வ ஜனங்களான பாஸ்க் ஆளுங்க 16ம் நூற்றாண்டுல அட்லாண்டிக்கையே தாண்டி கனடா பக்கம் லாப்ரடார் வரைக்கும் திமிங்கலம் தேடிப் போயிருக்காங்க, அதுவும் பாய்மரக் கப்பல்ல. யோசிச்சுப் பாரு, எவ்வளவு நெஞ்சுரம் வேணும்.

1843ல பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ அங்க வந்தப்போ வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடும் பச்சை ஜன்னலுமா ஒரு கிராமம்தான். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, ஆனா இந்த இடம் ஃபேஷனாயிடுமோன்னு அப்பவே பயந்திருக்கார். பயந்த மாதிரியே ஆச்சு. 1854ல பிரான்ஸ் சக்கரவர்த்தி மூணாம் நெப்போலியனும் அவர் மனைவி யூஜினியும் வந்தாங்க. அந்தம்மா ஸ்பெயின்காரங்க, எல்லை பக்கத்துலயே இருக்கு, அவங்களுக்கு ஏற்கனவே அந்தக் கடல் பழக்கம். கடலைப் பாத்து அவங்களுக்குன்னு ஒரு மாளிகை எழும்பிச்சு, இன்னைக்கு ஒத்தெல் துய் பலேன்னு சொல்ற அரண்மனை ஹோட்டல் அதுதான். ராஜா எங்க போறாரோ அங்க பிரபுக்கள் கூட்டமும் போகும்ல, பின்னாடியே ரயிலும் வந்துச்சு, 1865ல பிரஷ்யாவோட பிரதமர் பிஸ்மார்க்கே அங்க போய் நெப்போலியனைப் பாத்துப் பேசியிருக்கார்.

ஆனா நான் சொல்ல வர்றது இதுக்கு அப்புறம் நடந்ததை. 1870ல நெப்போலியன் ஆட்சியே கவிழ்ந்துடுச்சு, அந்தம்மா மாளிகையை வித்துட்டாங்க, அது கேசினோ ஆச்சு, ஹோட்டல் ஆச்சு, 1903ல தீப்பிடிச்சு எரிஞ்சும் போச்சு, திரும்பக் கட்டினாங்க. 1889ல விக்டோரியா ராணி வந்தாங்க, அப்புறம் அவங்க பையன் ஏழாம் எட்வர்ட், 1908ல ஆஸ்க்வித் இங்கிலாந்துக்குப் பிரதமராகறதுக்கு ராஜாவைப் பாக்க பியாரிட்ஸ் வரைக்கும் ரயில் பிடிச்சு வரவேண்டியதாயிருந்துச்சு, ராஜா லீவுல இருந்தாராம்! ரஷ்யப் பிரபுக்கள் வந்தாங்க, 1892ல அவங்களுக்குன்னு ஒரு சர்ச்சே கட்டினாங்க, நீ தினமும் தாண்டிப் போற அந்த நீலக் கோபுரம். 1917ல புரட்சி வந்து அவங்க நாட்டுலயும் எல்லாம் போச்சு. ஒவ்வொரு பட்டாளமும் இது நம்ம ஊர்னு நினைச்சு வந்து, இருந்து, போயிடுச்சு. போகாம நின்னது அங்க வேலை பாத்தவங்க, சமைச்சவங்க, துணி தைச்சவங்க, மீன் பிடிச்சவங்க.

பெரிய ஃபேஷன் டிசைனர் கோகோ ஷனேல் 1915ல அங்க துணிக்கடை போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா? அநாதை விடுதியில வளர்ந்து தையல் கத்துக்கிட்ட பொண்ணும்மா அவங்க. முதல் உலகப்போர் நடந்துட்டிருந்த நேரம், ஸ்பெயின் போர்ல இல்ல, அங்கிருந்து காசுள்ளவங்க வருவாங்கன்னு கணக்குப் போட்டு கடை போட்டு ஜெயிச்சாங்க.

பலகைல நின்னு அலைமேல சறுக்குற சர்ஃபிங்கும் அப்படித்தான். 1957ல பீட்டர் வியர்டெல்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் கலிஃபோர்னியா பலகையை கோத் தெ பாஸ்க் பீச்சுல இறக்கினார், உள்ளூர் பசங்க அதைப் பாத்து தாங்களே பலகை செஞ்சு பழகினாங்க. இன்னைக்கு அரண்மனை ஹோட்டல் பக்கத்துலயே ஈர டிரெஸ்ஸோட செருப்பில்லாம பசங்க நடந்து போறாங்கன்னா அது அவங்க வாங்கின உரிமை, யாரும் குடுத்ததில்ல.

வீட்டு வாடகை விஷயம் எனக்குப் புரியுது, அதுல நான் உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். வருஷத்துல ரெண்டு மாசம் திறக்கிற வீடுங்க அவ்வளவு இருக்கு, வேலை பாக்குற நீ பக்கத்து ஊர் பயோன்ல இருந்து பஸ்ல வர்ற, இது சரியில்லதான். அங்கிருக்கிற ஜனங்க ரோட்டுல இறங்கிக் கேட்டாங்க, 2023ல இருந்து டூரிஸ்ட்டுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடணும்னா அதுக்கு ஈடா இன்னொரு இடத்தை நிரந்தரமா குடியிருக்கிறவங்களுக்கு விடணும்னு ஒரு விதி வந்திருக்கு. போதாது, ஆனா கேட்டதாலதான் இதுவாவது வந்துச்சு. வாடகைக்காரங்க சங்கம் மாதிரி ஏதாவது இருந்தா போய்ச் சேரு, கூச்சப்படாத.

அப்புறம் ஒரு வேலை சொல்றேன், செய். போர் தெ பெஷர்ங்கிற மீனவர் துறைமுகத்துல கிராம்போத்னு சின்னச் சின்ன மீனவர் குடிசைங்க இருக்கு, சாயங்காலம் அங்க போ, வயசானவங்க யாராவது இருந்தா பேச்சுக் குடு, உன் பிரெஞ்சு இப்ப நல்லாத்தானே இருக்கு. ஊரைப் பத்தி அவங்க சொல்றதைக் கேட்டு எனக்கும் எழுது.

கோத் தெ பாஸ்க் பக்கம் போனா மட்டும் ஜாக்கிரதை, கடல் ஏறினா அங்க மணலே மிஞ்சாது, சுவர் வரைக்கும் தண்ணி வந்துடும். கடல் ஏறி இறங்குற நேரம் பாத்துட்டு போ. அம்மாவுக்கு இதைச் சொல்லல, சொன்னா தூங்க மாட்டா.

சீசன் முடிஞ்சு லீவு எப்ப கிடைக்கும்னு சொல்லு, நாங்க ரெண்டு பேரும் வரோம். லைட் ஹவுஸ்ல 248 படியாம், ஏறிடுவேன்.

அப்பா