ஜெர்மனியின் சான்சலர் 'அதிபர்' அல்ல

தமிழ் நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவினருக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம். 2024 டிசம்பர் 16 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்ற ஓலாஃப் ஷோல்ட்ஸ், நாடாளுமன்றத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தார். 27ஆம் தேதி அதைக் கலைத்தவர் ஃபிராங்க்-வால்டர் ஸ்டைன்மையர். முன்னவர் அப்போது அரசாங்கத்தின் தலைவர், அதாவது சான்சலர், பின்னவர்தான் அதிபர். சான்சலரையும் 'அதிபர்' என்றே எழுதும் உங்கள் வழக்கப்படி எழுதினால் 'அதிபர் கேட்டார், அதிபர் கலைத்தார்' என்று வரும். (இலங்கை வாசகருக்கு இன்னும் வேடிக்கை: அங்கே அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர்.)

அன்றாடச் செய்தியில் இது வெறும் குழப்பம். வரலாற்றுக் கட்டுரையில் பிழை. '1933இல் ஹிட்லர் அதிபரானார்' என்று எழுதுகிறீர்கள். அந்த ஜனவரி 30 அன்று அவருக்குக் கிடைத்தது சான்சலர் பதவி. அதைக் கொடுத்தவர் அதிபர் ஹிண்டன்பர்க். அடிப்படை உரிமைகளை முடக்கிய பிப்ரவரி 28 ஆணையில் கையெழுத்திட்டவரும் அவரே. அவர் இறந்த 1934 ஆகஸ்ட் 2 அன்றுதான், முந்தைய நாள் இயற்றிய சட்டத்தின்படி, இரு பதவிகளும் ஒன்றாயின. உங்கள் ஒற்றைச் சொல்லில் ஹிண்டன்பர்க்கின் பங்கு முழுவதும் மறைந்துபோகிறது.

மாற்றாக 'வேந்தர்' என்றால், பல்கலைக்கழகச் சான்சலருக்குச் சரி, இங்கே சரிவராது. சொல்லின் மூலமான லத்தீன் 'கான்செல்லாரியுஸ்', நீதிமன்றத் தடுப்புக் கம்பியருகே நின்ற ஊழியரைக் குறித்தது, அரசரை அல்ல. 1890இல் சான்சலர் பிஸ்மார்க்கைப் பதவி விலகவைத்தவர் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். வேந்தரை வேந்தர் விலக்கினார் என்றா எழுதுவது?

'பிரதமர்' வேலையளவில் பொருந்தும். ஆனால் 1919 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை அரசாங்கத் தலைவர்களான ஷைடமானும் அடுத்து பவுரும் 'ரைஷ் மினிஸ்டர்பிரசிடென்ட்' (ஜெர்மன் அரசின் பிரதமர்) என்றே அழைக்கப்பட்டார்கள். பேரரசுக்குப் பின் வந்த குடியரசின் வைமார் அரசியல் சாசனம்தான் சான்சலர் பெயரை மீட்டது. பிரதமர் என்பதை அந்த ஆறு மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஜெர்மனிக்கும் அதுவே பொருந்தும், அங்கே சான்சலர் பதவியே கிடையாது.

எனவே ஆண்டைப் பார்த்து எழுதுங்கள். 1867இல் வட ஜெர்மன் கூட்டமைப்பில் பிஸ்மார்க் 'புண்டஸ்கான்ஸ்லர்', கூட்டாட்சிச் சான்சலர். 1871 முதல் 'ரைஷ்கான்ஸ்லர்'. இதைப் 'பேரரசுச் சான்சலர்' என்று பெயர்த்தால் 1918 வரை தாங்கும். பேரரசரே இல்லாத வைமார் குடியரசில் இடிக்கும். 'ரைஷ் சான்சலர்' என்றே விடுங்கள். 1949 செப்டம்பரில் 402 இடங்களில் 202 வாக்குகள் பெற்று மேற்கு ஜெர்மனியின் அரசாங்கத் தலைவராக அடனாவர் வந்ததிலிருந்து மீண்டும் 'புண்டஸ்கான்ஸ்லர்'.

2005இல் மெர்க்கல் பதவியேற்றபோது 'கான்ஸ்லரின்' என்ற பெண்பால் வடிவம் வழக்குக்கு வந்தது. அதை அப்படியே தமிழில் எழுதிவிடாதீர்கள், வேற்றுமை உருபாகப் படிப்பார்கள். 'சான்சலர் மெர்க்கல்' போதும்.

இப்படிக்கு,
ஜெர்மன்-தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்