பூட்டிய வாசலுக்குப் பின்னால் ஊட்டியின் வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

சீசனுக்கு ஊட்டி வருகிறவர்கள் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 1829-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கோயில் அது. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து எடுத்து மலையேற்றிய உத்தரங்கள்தான் கூரையைத் தாங்குகின்றன. இந்தக் கதையை வழிகாட்டிகள் தவறாமல் சொல்கிறார்கள். பின்புறச் சரிவில் உள்ள கல்லறைகளைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

ஊட்டியை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹாரியட்டும் அங்கேதான் இருக்கிறார்கள். இருவரையும் இந்த மண்ணில் விட்டுவிட்டு 1841-ல் அவர் ஊர் திரும்பினார்; அவருடைய கல்லறை இங்கிலாந்தில். தாவரவியல் பூங்காவை அமைத்த மெக்ஐவரும் இதே சரிவில்தான். மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நீலகிரி ஈரத்தில் பாசி படர்ந்து, பல கற்களில் எழுத்து மங்கிவிட்டது. சுத்தம் செய்கிறேன் என்று ஆசிட் ஊற்றித் தேய்த்தால் சலவைக்கல்லில் மிச்சம் இருப்பதும் போய்விடும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். அதற்கு முன் வாசகங்களைப் படி எடுத்துப் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை. வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர்களை வைத்தே முடிக்கலாம். அப்புறம், முக்கியமான கல்லறைகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் தமிழில் வாசலில் வைத்தால் நல்லது.

– வாசகர், உதகமண்டலம்