புதிய தளத்தின் டெம்ப்ளேட் பற்றித் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பத் தேர்வுக் குழுவினருக்கு, வணக்கம்.

புதிய வாடிக்கையாளர் தளத்தின் டெம்ப்ளேட்டுகளையும் (பக்க வார்ப்புருக்களையும்), நம் இப்போதைய தளத்துக்குக் கருவி தந்த அதே விற்பனையாளரின் சொந்த டேக் (குறிச்சொல்) மொழியில்தான் எழுத வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். ஜாவா வலைத்தளங்களை இயக்கும் சர்வரான டாம்கேட்டின் 10-ஆம் பதிப்புக்கு மாறும் வேலை எதனால் நின்று கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் இப்படி ஒரு முடிவா?

வலைக் கோரிக்கைகளைக் கையாளும் ஜாவாக்ஸ் சர்வ்லெட் பேக்கேஜ்களின் பெயர் டாம்கேட் 10-இல் ஜகார்த்தா என்று மாறிவிட்டது; பழைய பெயரை நம்பிய கோடு அதில் அப்படியே ஓடாது. ஜேஎஸ்டிஎல் என்ற தரநிலை டேக் தொகுப்பை மட்டும் பயன்படுத்திய ஜேஎஸ்பி (ஜாவாவின் தரநிலை டெம்ப்ளேட்) பக்கங்களுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. ஜேஎஸ்டிஎல் 2.0 ஜார்களை (கம்பைல் செய்த ஜாவா கோப்புத் தொகுப்புகளை) மாற்றி வைத்தால் போதும், பக்கத்தின் தலையில் உள்ள டேக் தொகுப்பைச் சுட்டும் டேக்லிப் முகவரியைக்கூடத் தொட வேண்டாம். ஜாவாக்ஸ் இம்போர்ட் உள்ள பக்கங்களைத் தேடித் திருத்தினால் முடிந்தது. விற்பனையாளரின் ஜாரோ பழைய ஜாவாக்ஸ் பெயரிலுள்ள டேக்சப்போர்ட் கிளாஸை நம்பிக் கம்பைல் ஆனது; பக்கத்தைத் திறந்ததுமே கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழுந்துவிடுகிறது. சோர்ஸ் கோடு நம்மிடம் இல்லை. டாம்கேட் திட்டமே தரும் மைக்ரேஷன் கருவி அந்த ஜாரின் பைட்கோடை (கம்பைல் ஆன கோடை) மாற்றித் தந்துவிடும். ஆனால் ஜாரில் கை வைக்கக் கூடாது என்கிறது லைசன்ஸ். ஆக, ஒரே ஒரு ஜாருக்காக முழுத் தளமும், பழைய ஜாவாக்ஸ் பெயர்களில் ஓடும் ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட் 2.7-இல் தேங்கிக் கிடக்கிறது. அதன் இலவச ஆதரவு 2023 நவம்பரிலேயே முடிந்துவிட்டது.

புதிய பக்கங்களையாவது ஜேஎஸ்பி, ஜேஎஸ்டிஎல்லில் எழுத விடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. அதிலும் குறைகள் உண்டு. இஎல் கோவையை (பக்கத்தில் ஒரு மதிப்பைக் காட்டும் சிறு குறியீட்டை) அப்படியே போட்டால் அதில் வரும் எச்டிஎம்எல் எஸ்கேப் ஆகாது (வெறும் எழுத்தாக மாறாது), அதற்கு சி:அவுட் டேக் வேண்டும். டேக் மலிந்த பெரிய பக்கம் ஒரு மெத்தடுக்கு ஜாவா விதிக்கும் 64 கேபி வரம்பில் முட்டும், துண்டாக்கி இன்க்ளூட் செய்ய வேண்டும். ஆனால் இவை எல்லாருக்கும் தெரிந்த குறைகள், நாமே தீர்க்கக்கூடியவை. ஜேஎஸ்பி பிடிக்கவில்லையா, தைம்லீஃப் என்ற டெம்ப்ளேட் கருவியை எடுங்கள். அது தரநிலை இல்லைதான், ஆனால் சோர்ஸ் திறந்திருக்கிறது. ஸ்பிரிங் 5 வெலாசிட்டி என்ற டெம்ப்ளேட் கருவியைக் கைவிட்டபோதுகூட, அதை நம்பியவர்கள் வியூ ரிசால்வரை (டெம்ப்ளேட்டை ஸ்பிரிங்கோடு இணைக்கும் கோடை) தாங்களே எழுதிக்கொள்ள வழி இருந்தது.

அரைமணி நேர டெமோவில் படிவத்தை இழுத்துப் போட்டுக் காட்டுவது எந்தக் கருவிக்கும் எளிது. ஐந்தாண்டு கழித்து அப்கிரேட் செய்யப்போகிறவர்களை அந்த அறைக்கு யாரும் அழைப்பதே இல்லை. எந்த மென்பொருள் வாங்கும்போதும் இதுதான் நடக்கிறது.

தயவுசெய்து முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள். புதிய பக்கங்கள் தரநிலையில் இருக்கட்டும். அது முடியாது என்றால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்: ஜகார்த்தாவுக்குக் கம்பைல் செய்த ஜார் எந்தத் தேதிக்குள் வரும் என்பது ஒன்று, அந்தத் தேதி தவறினால் ஜாரை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதி மற்றொன்று.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறியாளர்கள்