நீ சாவோ பெர்னார்டோக்காரி

அன்பு மகளுக்கு,

லிஸ்பனில் யார் ஊர் கேட்டாலும் நீ "சாவோ பாலோ" என்றுதான் சொல்கிறாயாம், அம்மா சொன்னாள். பக்கத்துப் பெருநகரத்தின் பேரைச் சொன்னால்தான் அங்கே புரியும், சரி. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. பிரேசிலில் 8 லட்சத்துக்கும் மேல் ஜனம் இருக்கிற தனி ஊரம்மா இது. ஒருமுறையாவது சாவோ பெர்னார்டோ தோ காம்போ என்று முழுசாகச் சொல்லேன்.

1976-ல் வடகிழக்கு மாநிலமான சியராவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது எனக்கு வயது 19. முதலில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்தேன். கார்த் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே மேசை நாற்காலிக்குப் பேர்போன ஊர் இது. ஜுருபாதுபா தெருக் கடைகள் அதன் மிச்சம்தான். சாவோ பாலோவையும் சாந்தோஸ் துறைமுகத்தையும் இணைக்க அஞ்சியேத்தா நெடுஞ்சாலை 1947-ல் திறந்தது. அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. அந்தச் சாலையையொட்டி மெர்சிடிஸ் வந்தது, ஃபோக்ஸ்வாகன் வந்தது, பின்னாலேயே எங்களைப் போல வடகிழக்கு ஆட்கள் பெட்டியும் கையுமாக வந்தோம்.

நான் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு மாறியிருந்த நேரம். ராணுவ ஆட்சி, வேலைநிறுத்தம் என்று வாயைத் திறக்க முடியாது. 1978 மே 12 அன்று ஸ்கானியா லாரித் தொழிற்சாலை ஆட்கள் வழக்கம்போல் உள்ளே போய், எந்திரத்தை ஓட்டாமல் கை கட்டி நின்றார்கள். மறுவருஷம் மார்ச்சில் விலா யூக்ளிதெஸ் மைதானத்தில் கூடினோம். எண்ணி முடியாத கூட்டம். மேடை இல்லை, மைக் இல்லை. எங்கள் சங்கத் தலைவர் லூலா, பின்னாளில் ஜனாதிபதியானவர், ஒரு மேசைமேல் ஏறி நின்று பேசினார். அவர் ஒரு வரி சொல்வார். முன்னால் நிற்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். அது எங்களிடம் வரும், நாங்கள் பின்னால் அனுப்புவோம். என் காதுக்கு வருவதற்குள் எத்தனை சொல் மாறியதோ, தெரியாது! அவர் கேலியாக ஏதாவது சொன்னால் முன்னால் சிரித்து ஓய்ந்த பிறகுதான் எங்கள் பக்கம் சிரிப்பு கிளம்பும்.

1980-ல் 41 நாள் வேலைநிறுத்தம் செய்தோம். மைதானத்துக்கு மேலே ராணுவ ஹெலிகாப்டர் தாழப் பறந்தது. லூலாவைப் பிடித்து 31 நாள் உள்ளே வைத்தார்கள். தேவாலயம் கதவைத் திறந்துவிட்டது. அரிசியும் பீன்ஸும் நன்கொடையாக வந்தன. கேட்டது கிடைக்காமலே வேலைக்குத் திரும்பினோம். அம்மா அதைத் தோல்வி என்பாள். நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது ஊர் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. ஃபோக்ஸ்வாகனின் கோம்பி வேன் தயாரிப்பு 2013-ல் நின்றது, ஃபோர்டு 2019-ல் மூடினார்கள், அந்த இடத்தில் சரக்குக் கிடங்குகள். ஜப்பானுக்கு வெளியே டொயோட்டா முதன்முதலில் கட்டிய ஆலையும் இங்கேதான் இருந்தது, அதுவும் போயிற்று. பனிமூட்டம் மட்டும் மாறவில்லை. சாயங்காலமானால் மலைச்சரிவுப் பக்கமிருந்து ஏறி வந்து தெருவை மூடிவிடுகிறது. சின்ன வயதில் என் பழைய ஃபுஸ்கா காரின் பின்சீட்டில் முட்டிபோட்டு, கண்ணாடியில் விரலால் பேர் எழுதுவாயே, அதே பனிதான்.

போன ஞாயிறு தெமார்க்கி பக்கத்து உணவகத்துக்குப் போய்க் கோழியும், சோளமாவில் செய்து பொரித்த பொலெந்தாவும் சாப்பிட்டோம். உன் பங்கையும் நானே தின்றேன் என்று அம்மாவுக்குக் கோபம். அங்கே நல்ல சோளமாவு கிடைக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். இல்லையென்றால் எழுது, அனுப்பி வைக்கிறோம்.

அப்பா